ஆளுக்கு ஒரு வெங்காயம்

அன்பு மகளுக்கு,

அய்யலூர் சந்தையில் அப்பாவுக்குத் தக்காளிப் பெட்டி எண்ணிக்கொடுத்த உன் கையில் திங்கட்கிழமை முதல் தாவரவியல் ஆய்வகச் சாவி. கௌரவ விரிவுரையாளர் வேலைதான், சம்பளம் சொற்பம்தான். ஆனால் சாவி உன்னிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் வகுப்பு முழுவதற்கும் ஒரே மைக்ராஸ்கோப். மேடம் ஸ்லைடு வைப்பார். நாங்கள் வரிசையில் வந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நகர வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு குரோமோசோமைக்கூட நான் தெளிவாகப் பார்க்கவில்லை. புத்தகப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தேன். 'குட்' போட்டுக் கையெழுத்தும் கிடைத்தது. அந்தக் குறை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அந்தக் குறை இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1914இல் சென்னைக் கடற்கரையோரம் 37 மாணவிகளோடு ஒரு பெண்கள் கல்லூரி தொடங்கியது. பின்னாளில் அதுவே ராணி மேரி கல்லூரி. அங்கே படித்த தலச்சேரிப் பெண் இ.கே. ஜானகி அம்மாள், 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் போனார். 1931இல் டாக்டர் பட்டம். அதற்காக அவர் குரோமோசோம் ஆராய்ந்த நிக்கண்ட்ரா செடி, நம் ஊர்த் தக்காளியின் குடும்பம்தான்! பிறகு கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். 1945இல் டார்லிங்டன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். பட்டங்களை விட, செடிகளைத் தன் கையாலேயே நறுக்கி, சாயமேற்றி, குரோமோசோம்களை எண்ணினார் என்பதுதான் எனக்குப் பெரிது. கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடைத்து நூறு வருடம் தாண்டிவிட்டது. கருவியில் கை வைக்க இன்னும் பலருக்கு முறை வரவில்லை.

நீ அதை மாற்று. பெரிய செலவில்லை. சின்ன வெங்காயத்தின் காய்ந்த பழைய வேரைச் சீவிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி பாட்டில் வாயில் வை. இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். ஒவ்வொரு மாணவியையும் நுனியை வெட்டி, அசிட்டோகார்மின் சாயத்தில் சூடுகாட்டி, கவர் ஸ்லிப்பின் மேல் கட்டைவிரலை நேராக வைத்து அழுத்தச் சொல். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் எல்லாம் கசங்கிவிடும். கசங்கட்டும், திட்டாதே; இன்னொரு வேர் கொடு. சிவந்த நூல்துண்டுகளாய்ப் பதினாறு குரோமோசோம்களும் தெரியும்வரை அவளே எண்ணட்டும். தெரிந்ததை மட்டும் வரையட்டும். பன்னிரண்டுதான் தெரிந்ததென்றால் பன்னிரண்டு என்றே எழுதட்டும், அதற்கும் கையெழுத்துப் போடு.

முதல் பிராக்டிகல் திங்கட்கிழமை என்றால், வெள்ளிக்கிழமையே வெங்காயம் வாங்கித் தண்ணீரில் வைத்துவிடு. ஆளுக்கு ஒன்று.