ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றுக் கிருமியை ஏன் தேடுகிறார்கள்?



நம் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர் மகளின் ஆபரேஷனுக்காகக் கடன் கேட்டிருந்தார். மகளுக்கு உடல் எடை மிக அதிகம், கூடவே சர்க்கரை. எடை குறைப்பு ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அப்புறம் டாக்டர், "வயித்துல கிருமி இருக்கு. 14 நாள் மாத்திரை சாப்பிட்டு வாங்க, பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிட்டார். "காசு பிடுங்கத்தான் இழுத்தடிக்கிறாங்க" என்று குழுவில் ஒரே பேச்சு. அப்படி இல்லை சகோதரிகளே.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வாயில் நுழையாவிட்டால் பைலோரி என்றே சொல்லுங்கள். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் டாக்டர்களே நெடுநாள் நினைத்தார்கள். அல்சர் வந்தால் காரத்தையும் கவலையையும் குற்றம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமி கலந்த தண்ணீரைத் தானே குடித்து, வயிறு கெட்டு, வாந்தி எடுத்து நிரூபித்தார்! (வீட்டில் என்ன திட்டு வாங்கினாரோ!) 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துவிடும். இரைப்பையின் வழவழப்பான படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்கு அல்சர், வெகு சிலருக்குப் புற்றுநோய் வரை போகும்.

சரி, ஆபரேஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பைபாஸ் என்ற முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கும் சிறிய பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைக் குடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே மூடிக் கிடக்கும். பிறகு வாய் வழியாக விடும் என்டோஸ்கோபி குழாய் அங்கே எளிதில் போகாது. அதற்குள் புண் வந்தாலோ ரத்தம் கசிந்தாலோ கண்டுபிடிப்பது பெரும்பாடு. பூட்டுவதற்கு முன் அறையைச் சுத்தம் செய்வது போலத்தான் இது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மிச்சப் பகுதியில் கிருமி இருக்கலாம். எல்லா டாக்டரும் எல்லோருக்கும் டெஸ்ட் எடுப்பதில்லை. பைபாஸ் என்றால் நாமே கேட்டுவிடலாம், தப்பில்லை.

மாத்திரைதான் கஷ்டம். அமிலத்தைக் குறைக்க ஒன்று, கிருமியைக் கொல்ல இரண்டு மூன்று. வாய் கசக்கும், குமட்டும், வயிறு இளகும். "அஞ்சு நாள் சாப்பிட்டேன், போதும்"னு நிறுத்துகிறவர்கள் நிறைய. செத்தது போக மிஞ்சும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பென்சிலின் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிஸ்மத் என்ற மாத்திரை இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். அந்த மாத்திரை இல்லாமலே தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்துத்தான், கிருமி போய்விட்டதா என்று ஊதிப் பார்க்கும் டெஸ்டோ மல டெஸ்டோ எடுப்பார்கள். அதற்கு 2 வாரம் முன்பிருந்து அமிலம் குறைக்கும் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்வார். ஆக, ஒன்றரை இரண்டு மாதம் ஆகலாம். கடன் தீர்மானம் எழுதும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

பைபாஸ் ஆனவர்கள் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. கிருமி இல்லாவிட்டாலும் இணைத்த இடத்தில் புண் வரும். மருந்துச் சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், முன்பு எந்த மருந்து சாப்பிட்டோம் என்றுதான் முதலில் கேட்பார்கள்.