வாசலிலேயே கிடக்கும் ஆராய்ச்சி

சூலக்கரை

அன்பு மருமகளுக்கு,

சென்னைக் கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, மனசோ பிஎச்.டி.யில் கிடக்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். ஆராய்ச்சிக்குப் போ, தாயி. உன் அம்மா, என் அக்கா, சம்பளத்தைப் பற்றித்தான் கேட்பாள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும் என்று சொல். அது இல்லாமல் இறங்கச் சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

"இந்த ஊரில் பிறந்தவள் என்ன பெரிசாக ஆராய்ந்துவிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு வருத்தம். ராணி சிரோமணியைப் படி. 1929-இல் பிறந்தவர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். மொழியியலாளர் சாம்ஸ்கி 1950-களில் வகுத்த இலக்கண விதிகள் எழுத்துகளை ஒரே வரியில் அடுக்குபவை. அவற்றைப் படங்களுக்கும் விரித்தவர்களில் ராணி, அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் முக்கியமானவர்கள். 1974-இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பொருள், நம் வாசல் கோலம்!

மார்கழியில் அக்கா ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழாக, ஒன்பதாகப் பெருக்குவதைப் பார்த்திருப்பாய். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தா போடுகிறாள்? ஓரத்தில் எது மாறும், நடுவில் எது திரும்ப வரும் என்று கைக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கத்தை விதியாக எழுதிவிட்டால் கணினியும் அதே கோலத்தை எந்த அளவிலும் போடும். இந்த ஆராய்ச்சிக்குத் தாளும் பென்சிலும் போதும்.

ராணியைப் போலக் கல்லூரியில் பாடம் நடத்துவது ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்பார்கள். நம்பாதே. ராணியிடம் ஆய்வு செய்த கமலா, பிறகு சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆனார். ஒரு கல்லூரி ஆசிரியரின் உழைப்பு அப்படித்தான் பரவும்.

ஆய்வுக்குக் கேள்வி தேடித் தூரம் போக வேண்டாம்; சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் போய் நின்று பார். நான்கு கலரில் ஒன்று மயிரிழை விலகினாலும் காலண்டர் முருகனுக்கு உதடு இரண்டாகத் தெரியும். மிஷின்காரர் தாளை உருவி, லென்ஸ் வைத்துப் பார்த்துத் திருத்துவார். அதைக் கேமராவே கவனிக்கும் விலைகூடிய மிஷின்கள் வந்துவிட்டன. பழைய மிஷின் வைத்திருக்கும் சிறு அச்சகத்துக்குக் கைபேசிக் கேமராவை வைத்தே அதைச் செய்துகொடுக்க முடியுமா? இது ஆய்வுக்குத் தகுந்த கேள்வி.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசு. அடுத்த நெட் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு எனக்கு எழுது.

உன் மாமா