இனிப்பு சாப்பிட்டதும் சரியாயிடுச்சு, அப்புறம் எதுக்கு டாக்டர்?

கோவிலம்பாக்கம் ஜங்ஷனில் ஏதாவதொரு மருந்துக் கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "காலைலேருந்து ஒரே படபடப்பு, கை நடுங்குது. லோ சுகர்னு நினைக்கிறேன். ஒரு குளுக்கோஸ் பாக்கெட் குடுங்கண்ணே." இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதற்கு முன் எத்தனை முறை இப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "ஆரஞ்சா, சாதாவா?"

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சுகர் ஏறினால் பயப்பட எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டோம். இறங்கினால் மட்டும் அது ஏதோ பசி மயக்கம் என்று விட்டுவிடுகிறோம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது இறங்கினால் காரணம் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். காரணம் தெரியாமல் இறங்குகிறவர்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

"லேப் ரிப்போர்ட்ல 54-னு வந்திருக்கு. எனக்கு லோ சுகர்."

முதலில் அந்த ரத்தம் எப்படிப் பயணம் செய்தது என்று பாருங்கள். காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். அதே பையோடு மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று இன்னும் ஏழெட்டு வீடு. மெட்ரோ வேலையால் சாலை நெரிசல் வேறு. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்களுக்கு உயிர் இருக்கிறது, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. உடம்பிலிருந்து 80 ஆக வெளியே வந்த சர்க்கரை, நான்கைந்து மணி நேரம் கழித்து மெஷினுக்குள் போகும்போது 60-க்குக் கீழே காட்டினால் அதில் அதிசயம் இல்லை. இதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு கலந்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதுவுமே முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். வேறு நிறக் குழாய் ஒன்றிலேயே எல்லா டெஸ்ட்டுக்கும் எடுக்கிறார் என்றால், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டு குளுக்கோமீட்டரும் வேதவாக்கு இல்லை. 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் 15 புள்ளி கூடக்குறைய இருப்பதை உலகத் தரநிலையே ஏற்கிறது. அது 62 என்று காட்டினால் நிஜம் 77 ஆகவும் இருக்கலாம், 47 ஆகவும் இருக்கலாம். ஸ்பிரிட் காயாத விரலில் குத்தினால் ரத்தம் நீர்த்துப்போய்க் குறைத்துக் காட்டும்.

எனவே எந்தத் தொந்தரவும் இல்லாமல் திடமாக இருப்பவருக்குக் காகிதத்தில் மட்டும் 54 வந்தால், பதற வேண்டாம். லேபுக்கே நேரில் போய், உடனே பரிசோதிக்கச் சொல்லி, இன்னொரு முறை கொடுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கிட்டா சரியாயிடுது. அப்புறம் எதுக்கு டாக்டர்?"

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் ஆபத்தான நம்பிக்கை இதுதான். பொய்யாக இருந்தால் பரவாயில்லை, பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல். சரியாகிவிடும், சந்தேகமில்லை. ஆனால் இனிப்பு சாப்பிட்டதும் சரியாவது நோய் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல, இருக்கிறது என்பதற்கான சாட்சிகளில் ஒன்று.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930-களில் வகுத்த மூன்று நிபந்தனைகளைத்தான் டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் போன்ற அறிகுறி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரையை ஏற்றியதும் அறிகுறி விலக வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நிஜமான லோ சுகர். நீரிழிவு மருந்து எடுக்காதவருக்கு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே என்பது கணக்கு. மருந்து எடுப்பவர் 70-க்குக் கீழே வந்ததுமே உஷாராக வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? முதலும் மூன்றும் நமக்குத் தெரியும். நடுவில் இருப்பதை அளக்காமலே இனிப்பைப் போட்டுத் தடயத்தை அழித்துவிடுகிறோம். மறுநாள் டாக்டரிடம் போனால் ரத்தத்தில் 95 இருக்கும். "நார்மல்தானே" என்று அவரும் அனுப்பிவிடுவார், பாவம் அவர் என்ன செய்வார். ஆகவே நடுக்கம் வந்த நிமிடத்தில் மீட்டர் பக்கத்தில் இருந்தால் முதலில் குத்திப் பாருங்கள், பிறகு சர்க்கரை. மீட்டர் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள், உயிர்தான் முக்கியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலந்து. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்கு மட்டும் சாதாரணச் சர்க்கரையோ கருப்பட்டியோ சட்டென்று உதவாது. சர்க்கரையை உடைத்து ரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரைகளின் வேலை. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியேதான் வேண்டும். அந்த மருந்துக் கடைப் பாக்கெட் சரியான மருந்தாவது அங்கேதான்.

இன்னொன்று. அளந்து பார்த்தால் பலருக்கு அந்த நேரத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும். நின்றபடி பஸ்ஸில் வந்த களைப்பு, ரத்தசோகை, பிபி இறங்குவது, தைராய்டு, பதற்றம் எல்லாம் இதே வேஷத்தில் வரும். அவையும் டாக்டர் பார்க்க வேண்டியவைதான். குளுக்கோஸ் பாக்கெட்டால் தீராது.

"பத்து வருஷமா சுகர். இப்ப தானா இறங்குது. குணமாகுதுபோல!"

கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மருந்தை மாற்றவில்லை, சாப்பாட்டை மாற்றவில்லை, உடம்பும் இளைக்கவில்லை. ஆனாலும் அதே மாத்திரைக்கு அடிக்கடி லோ ஆகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிட்னியை. இன்சுலினையும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் மிச்சத்தையும் உடம்பைவிட்டு வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அது தளர்ந்தால் நேற்றைய மருந்து இன்றும் உள்ளே நிற்கும். கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் அந்த வாரமே பார்க்க வேண்டும். வயதானவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மாத்திரையைக் குறைக்காமல் இருப்பதும் இதே இடத்தில் கொண்டுவிடும். குணமாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

"எனக்குச் சுகரும் இல்லை, நான் எந்த மாத்திரையும் சாப்பிடறதும் இல்லை."

இப்படிச் சொல்பவரின் வீட்டு ஃபிரிட்ஜ் மேலே ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கும். அதற்குள் தாத்தாவின் சுகர் மாத்திரை, பாட்டியின் பிபி மாத்திரை, யாரோ எப்போதோ வாங்கிய சளி மாத்திரை. பத்தில் நான்கு போதுமென்று கத்தரித்து வாங்கியதில் பெயர் அச்சடித்த பக்கம் போயே போய்விட்டது. வெள்ளையாக, குட்டியாக இருப்பது பிபி மாத்திரை என்று நம்பி எடுத்துப் போட்டால், அது கிளிமிபிரைடாக இருக்கலாம். இன்சுலினைச் சுரக்கவைக்கும் இந்த வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒரு குழந்தைக்கு உயிராபத்து.

மாத்திரை என்றே தெரியாமல் சாப்பிடுவது இன்னொரு வகை. 2008-ல் சிங்கப்பூரில் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான லோ சுகரோடு அரசு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட காப்ஸ்யூல்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மூலிகை மட்டும்தான் என்று சொல்லி, லேபிளே இல்லாத பொட்டலத்தில் கைமாறும் எதையும் நான் இந்தக் கதையை நினைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

"நரம்பு மாத்திரை" என்று கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பலவற்றில் ஆல்ஃபா லிபோயிக் அமிலம் இருக்கிறது. வெகு சிலருக்கு அது இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கிளப்பிவிட்டு, சர்க்கரையை ஏடாகூடமாக இறக்கும். ஜப்பானில் 1970-ல் ஹிராத்தா என்பவர் விவரித்த நோய் அது. சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளாலும் சர்க்கரை இறங்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. வெறும் வயிற்றில் குடிக்கும் மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதையே நிறுத்திவைக்கும். போதையில் கிடக்கிறார் என்று விட்டுவிட்டுப் போன ஆள் லோ சுகரில் கிடந்திருக்கலாம்.

மருந்து எதுவும் இல்லையென்றால் சுரப்பிகளைப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பழுதானால் சர்க்கரை இறங்கும், பிபி இறங்கும், உடம்பு இளைக்கும், விரல் முட்டியும் உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். நம் நாட்டில் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று காசநோய். 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் பக்கத்திலேயே இருந்தும், டிபி என்றால் நுரையீரல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் இதே கதிதான். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய், தாய்ப்பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் போன பெண்ணுக்கு, வருடங்கள் கழித்து அடிக்கடி சர்க்கரை இறங்கினால் பிட்யூட்டரி சுரப்பியைச் சோதிக்க வேண்டும். "பிரசவத்துக்கப்புறம் எனக்குத் தெம்பே இல்லை டாக்டர்" என்று அவர் ஆரம்பிக்கும்போதே பழைய கதை முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது.

"விடிகாலைல வலிப்பு மாதிரி வருது, உளறுறாங்க. மூளைல ஏதோ."

இருக்கலாம். கணையத்தில் வரும் இன்சுலினோமா என்ற சிறு கட்டியாகவும் இருக்கலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிலிருந்து நான்கு பேருக்குத்தான் வரும். பெரும்பாலும் புற்று அல்ல, எடுத்துவிட்டால் தீரும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் முன் வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்திருக்கும். சாப்பிடாத நேரத்தில், முக்கியமாக விடியலில் வருவதும், இனிப்பால் தெளிவதும், பசி தாங்காமல் அடிக்கடி சாப்பிட்டு எடை ஏறுவதும் இதன் அடையாளங்கள்.

மூளை என்று நினைத்துச் சர்க்கரையைக் கோட்டைவிட்ட பெரிய உதாரணம் பீகாரின் முசாபர்பூர். லிச்சி பழக் காலத்தில், விடியற்காலையில், குழந்தைகள் வலிப்பு வந்து மயங்கி இறந்துபோவது 1990-களிலிருந்து நடந்தது. மூளைக்காய்ச்சல் வைரஸைத்தான் தேடினார்கள். வேலூர் சிஎம்சியில் பணியாற்றி ஓய்வுபெற்ற வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான், வைரஸ் ஆளாக இருந்துகொண்டே இது வைரஸ் அல்ல, சர்க்கரையை இறக்கும், லிச்சியில் உள்ள நச்சு என்ற கருத்தை 2014-ல் ஆய்வாளர் முகுல் தாஸுடன் சேர்ந்து எழுதினார். அந்தப் பருவத்தில் மட்டும் 390 குழந்தைகள் அனுமதிக்கப்பட்டு 122 பேர் இறந்தார்கள். 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வும் அதையே உறுதி செய்தது. லிச்சி தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. செய்ய வேண்டியிருந்தது, ராத்திரி சோறு போடுவதும், வந்த உடனே விரலில் குத்திப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றுவதும்தான். வலிப்போ சுயநினைவுத் தடுமாற்றமோ வந்து யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், "சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விரதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்தும் நோயும் இல்லாத பெரியவர் ஆடி வெள்ளிக்கு ஒருநாள் பட்டினி கிடந்தால் கல்லீரல் சமாளித்துக்கொள்ளும். அவர் குழறிப் பேசி விழுந்தால், "விரதம்னா அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லாமல் காரணம் தேடுங்கள். சாப்பிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் வரும் படபடப்பு வேறு ரகம். எடைக் குறைப்புக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

சரி, எப்போது போவது? நினைவு தவறினாலோ, வலிப்பு வந்தாலோ, வாயில் சர்க்கரையைப் போட வேறொருவர் கை தேவைப்பட்டாலோ, உடனே, 108-ஐ அழைத்து. அளந்து 55-க்குக் கீழே வந்து அறிகுறியும் இருந்தால், அல்லது வெறும் வயிற்றிலோ தூக்கத்திலோ திரும்பத் திரும்ப வந்தால், இந்த வாரமே. முதலில் மேடவாக்கம் ஆரம்ப சுகாதார நிலையமோ பக்கத்து அரசு மருத்துவமனையோ போதும். அங்கிருந்து எண்டோகிரைன் டாக்டரிடம் அனுப்புவார்கள். அவர் 72 மணி நேரம் வரை ஆஸ்பத்திரியிலேயே பட்டினி போட்டு, சர்க்கரை இறங்கும் அந்தக் கணத்தில் இன்சுலின், சி-பெப்டைடு, மாத்திரையின் சுவடு எல்லாம் பார்ப்பார். வீட்டில் நீங்களாக முயற்சி செய்யக் கூடாத பரிசோதனை இது. போகும்போது தேதி, மணி, கடைசியாகச் சாப்பிட்டது, மீட்டர் காட்டியது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஸ்வீட் டப்பாவையும் அப்படியே எடுத்துப் போங்கள்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க, எழுந்து உட்கார்ந்துட்டார். கூட்டிட்டு வந்துட்டோம்."

மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும் என்பதால், ஏற்றியது சரி. கூட்டி வந்ததுதான் தப்பு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், கிட்னி பழுதானவருக்கு இன்னும் நீளும். பாட்டிலில் ஏறிய சர்க்கரை தீர்ந்ததும், நடுராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, மறுபடி இறங்கும். அன்றிரவு தங்கச் சொன்னால் தங்குங்கள். தங்கச் சொல்லாவிட்டால், "மாத்திரையால இறங்கியிருந்தா திரும்ப இறங்காதா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதிலைப் பார்த்துக் கிளம்புங்கள்.