தெரியாத ஓடையில் ட்ரௌட் தேடி

நண்பர்கள் நாலு பேர் மலை ஓடைக்கு ஃப்ளை ஃபிஷிங் போனால் முதல் நாள் பெரும்பாலும் வீண்தான். வந்த வேகத்தில் எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். நாலு பேரின் நிழலும் விழுந்த கசத்தில் அப்புறம் மீன் எங்கே தலைகாட்டும்? அந்த ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்கான வரிசை இது. இடமாக இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். தீர்த்தன் ஆற்றின் மேல்பகுதி கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. இங்குள்ள பழுப்பு ட்ரௌட் இந்த மண்ணின் மீன் அல்ல. ஸ்காட்லாந்து முட்டையிலிருந்து காஷ்மீரில் வளர்ந்து, 1909-ல் குல்லுப் பகுதிக்கு வந்த வம்சம்.

முதலில் நாள் குறியுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரௌட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். ஜூலை, ஆகஸ்டில் மழைக் கலங்கல். மிச்சமிருக்கும் மாதங்களில் என் ஓட்டு அக்டோபருக்கு. தண்ணீர் வடிந்து தெளிந்திருக்கும், பனி உருகி வரும் வெள்ளமும் இருக்காது. ஆளுக்கொரு உரிமச் சீட்டை மீன்வளத்துறையிடம் வாங்க வேண்டும். எத்தனை மீன் எடுக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பூங்கா எல்லைக்குள் கால்வைக்க வனத்துறை அனுமதி தனி. கோயிலை ஒட்டிய கசங்களில் தூண்டில் போடும் முன் ஊரில் விசாரியுங்கள். இமாசலத்தில் தெய்வத்தின் மீன் என்று யாரும் தொடாத மடுக்கள் உண்டு. அங்கே எந்தச் சீட்டும் செல்லாது.

டெல்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பஞ்சார் வழியாகக் குஷைனிக்கு டாக்ஸி கிடைக்கும். டெல்லி வரை விமானம் என்றால் தூண்டில் முள், கத்திரி, இடுக்கி எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.

சாமான் விஷயத்தில் கடைக்காரர் பேச்சில் மயங்க வேண்டாம். நாலாகக் கழற்றும் 9 அடிக் கோல், 4 அல்லது 5 எண் எடை, அதற்கேற்ற மிதக்கும் நரம்பு, அதன் முனையில் கட்டும் மெல்லிய 9 அடி லீடர், நுனிக்கு 4எக்ஸ், 5எக்ஸ் தங்கூஸ். தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கை ஈக்களில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், மணி கோத்த ஃபெசன்ட் டெயில் மூன்றும் 14, 16 அளவில் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் அரை டஜனாவது வேண்டும். மரக்கிளைகள் பாதியை வாங்கிக்கொள்ளும். முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தி மழுக்கிவிடுங்கள். பணத்தைக் கோலில் கொட்டுவதைவிடச் செருப்பில் போடலாம். பாசி படர்ந்த உருண்டைக் கல்லில் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ நிற்காது. அடியில் ஆணி பதித்த ரப்பர் பூட்ஸும் ஊன்றுகோலும் அவசியம்.

ஊரிலேயே மைதானத்தில் பழகுங்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறந்து போகும், நரம்பு அதன் பின்னால் போகும். இங்கே எடை முழுக்க நரம்பில்தான். நுனியில் இருப்பது இறகும் முடியும் கட்டிய ஈ மட்டுமே. முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தின் 10-க்கும் 1-க்கும் நடுவில் கோலை ஆட்டுங்கள். நரம்பு பின்னால் முழுக்க நீண்ட பிறகே முன்னால் வீச வேண்டும். சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்டால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். ஓடைக்கு 10 மீட்டர் வீச்சே அதிகம். பின்னால் மரம் நிற்கும் இடத்துக்கு, நரம்பைப் பின்னால் பறக்கவிடாமல் தண்ணீரிலிருந்தே சுருட்டி எறியும் ரோல் காஸ்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓடைக்கு வந்துவிட்டீர்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் கோலைப் பூட்ட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள்.

கரையோரம் முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் மணலும் சிறு கல்லும் ஒட்டிய குழல்கள் அரை அங்குல நீளத்தில் அப்பியிருந்தால், அவை கேடிஸ் புழுவின் கூடுகள். தட்டையான உடலும் மயிரிழைபோல மூன்று வாலுமாக நழுவி ஓடுவது மேஃப்ளையின் இளம்பருவம். எது அதிகமோ, அதன் அளவும் நிறமும் உள்ள ஈயைப் பெட்டியில் தேடுங்கள். கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வையுங்கள்.

அடுத்து நீரோட்டம். ட்ரௌட் நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, சக்தி செலவாகாத இடத்தில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவரும் தீனியைப் பொறுக்கும். ஆகவே பாறைக்குப் பின்னாலிருக்கும் அமைதியான துண்டு, பாறைக்கு முன்னால் தண்ணீர் மெத்தென்று மோதும் இடம், வேக நீரும் மந்த நீரும் உரசும் கோடு, கசம் முடிந்து ஆழம் குறையும் வால்பகுதி, இவைதான் வீடு. வெள்ளை நுரையில் நிற்காது. மீனின் முகம் ஓட்டம் வரும் பக்கம் பார்த்திருப்பதால் நீங்கள் கீழேயிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும், குனிந்து, நிழல் முன்னால் விழாமல். நீரின் வெப்பத்தையும் பாருங்கள்: 10 முதல் 16 டிகிரி நல்லது. 20-ஐத் தாண்டினால் மீனை வதைக்க வேண்டாம், டீ குடிக்கப் போங்கள்.

நாலு பேர் என்றால் இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரே கோல். ஒருவர் வீச, மற்றவர் பின்னால் நின்று மீன் அசைவதைக் கவனிப்பார். மீன் ஒன்று கடித்தாலும் சரி, கசம் ஒன்று முடிந்தாலும் சரி, கோல் கைமாறும். “மச்சான், இன்னும் ஒரே ஒரு வீச்சு” என்பதற்கு இடமில்லை. மேலே போகும் ஜோடி கரையை விட்டு விலகி நடந்து, குறைந்தது இருநூறு மீட்டர் தள்ளி இறங்க வேண்டும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். எந்தப் பாலத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவிடுங்கள்.

ஈ மிதந்து வரும்போது நரம்பு அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்ணீரில் கோடு விழும், மீன் நம்பாது. கோலைத் தூக்கிப் பிடித்து, நரம்பு முடிந்தவரை நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈ மறைந்ததும், தக்கைத் தூண்டிலில் சுண்டுகிற பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் தங்கூஸ் அறுந்துவிடும். கோல் நுனியை உயர்த்தினாலே முள் பதியும்.

தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கையை லேசாக எடுக்க வேண்டாம். ஔட்டுக்கு வரும் வழியில் தலௌட் வரும். 2014 ஜூன் 8 மாலை அங்கே பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அவர்களும் ஊர் தெரியாமல் வந்த நண்பர்கள் கூட்டம்தான். அணைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். அணை இல்லாத ஓடையிலும் மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது வந்து சேரும். விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அவ்வப்போது பாருங்கள். நீர் கல்லைத் தொட்டாலோ, நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். கோல் போனால் போகட்டும். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் குறுக்கே கடக்காதீர்கள். பாலம் எங்கே என்று கேளுங்கள்.

பிடித்த மீனை விடுவதானால் முதலில் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும். முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்துவிட்டு, முகம் நீரோட்டத்தைப் பார்க்க லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். தானாக உதறிக்கொண்டு போகும். படம் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும்.

மறுநாள் வேறு ஓடைக்குப் போவதானால் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட்ட பிறகே கிளம்புங்கள். ஓர் ஓடையின் பாசியும் மீன் நோயும் அடுத்ததற்குப் பூட்ஸில் ஒட்டிய சேற்றில்தான் போகின்றன.