இத்தாலியக் கிராமச் சாலைகளில் எங்கே வண்டியை நிறுத்துவது? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் பார்க்க ரயில் போதும். அந்த நகரங்களில் கார் வெறும் சுமை. இத்தாலியில் வாடகைக்குக் கார் எடுத்தால் அது கிராமங்களுக்காக மட்டுமே இருக்கட்டும். அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை எல்லாமே அழகாக இருப்பதால், எங்கே இறங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருப்போம். டஸ்கனியில் சியேனா நகருக்குத் தெற்கே இருக்கும் வால் டோர்ச்சா பள்ளத்தாக்கை வைத்து இதைச் சொல்கிறேன். 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது. இங்கே பழகிவிட்டால் உம்ப்ரியாவிலும் பியட்மாண்டிலும் தடுமாற மாட்டீர்கள்.

படி 1: வண்டியும் உரிமமும்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் வண்டிதான் அங்கே வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும். எவ்வளவு சின்னக் கார் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. மலைக் கிராமச் சந்துகளைப் பார்த்தால் ஏனென்று புரியும்.

படி 2: ஒரே இடத்தில் மூன்று இரவு

தினம் ஓர் ஊரில் தங்கினால் பெட்டி கட்டுவதிலேயே பயணம் போய்விடும். 'அக்ரிதுரிஸ்மோ' ஒன்றில் மூன்று, நான்கு இரவு தங்குங்கள். விவசாயம் செய்யும் குடும்பம் தன் பண்ணையிலேயே விருந்தினருக்கு அறை தருவதற்கு அந்தப் பெயர். சட்டப்படி அங்கே உண்மையிலேயே விவசாயம் நடக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே சாப்பிடப் போவீர்கள்?" என்று கேளுங்கள். எந்தப் பயண நூலும் தராத பதில் வரும்.

தூரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பியென்சா என்ற ஊரிலிருந்து மோன்டெபுல்ச்சானோ என்ற ஊருக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் மோன்டிகியெல்லோ கிராமத்துக்குப் பிரியும் சாலை உங்களை இழுக்கும். ஒரு நாளைக்கு மூன்று நிறுத்தம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 3: பலகையின் நிறம்

பச்சைப் பலகை சுங்க விரைவுச்சாலைக்கு வழி காட்டுவது, அதைத் தவிருங்கள். நீலப் பலகை மற்ற சாலைகளுக்கு. பழுப்புப் பலகைதான் நம்முடையது. மடாலயம், கோட்டை, பழைய தேவாலயம், திராட்சைத் தோட்டப் பாதை என்று பார்க்கத் தகுந்ததை எல்லாம் பழுப்பில்தான் எழுதுவார்கள். கூகுள் மேப்பில் சுங்கச்சாலை வேண்டாம் என்று அமைத்துவிட்டு, பழுப்புப் பலகை கண்ணில் படும்போது மேப்பை மறந்துவிடுங்கள்.

ஊர்களைத் தேர்ந்தெடுக்க இன்னொரு வழியும் உண்டு. இத்தாலிய சுற்றுலாக் கழகம் 1998 முதல், 15,000 பேருக்கு மேல் வசிக்காத உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு 'ஆரஞ்சுக் கொடி' தருகிறது. 2001-இல் தொடங்கிய 'இத்தாலியின் மிக அழகிய கிராமங்கள்' சங்கமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: நிறுத்தத் தகுந்த இடம் எது?

என் அளவுகோல் எளியது. அந்த இடத்தில் பார்க்க ஒன்று, உட்கார ஓர் இடம், சாப்பிட ஏதாவது, மூன்றும் இருக்க வேண்டும். பார்க்க மட்டும் இருப்பவை படம் எடுத்துக்கொள்ளும் நிறுத்தங்கள். பத்து நிமிடம் போதும்.

பியென்சாவில் மூன்றும் உண்டு. முன்பு கோர்சிஞானோ என்ற சாதாரணக் கிராமம் அது. அங்கே பிறந்தவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். 1459 முதல் பெர்னார்தோ ரோஸ்ஸெல்லினோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு சொந்த ஊரையே புதிதாகக் கட்டவைத்து, தன் பெயரையும் அதற்குச் சூட்டினார். மதில் ஓரமாக நடந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். பெகொரீனோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் வாசம் கடைக்குக் கடை வரும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால் பால் திரிப்பது இதில் வழக்கம் என்பதால் கண்டிப்பான சைவர்கள் விசாரித்து வாங்குங்கள். அவர்களுக்கு இந்தப் பகுதியில் நல்ல துணை 'பீச்சி அல்லாலியோனே': கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, பெரிய பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்பு.

பாஞோ விஞோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம். அதில் குளிக்க அனுமதியில்லை. இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'நாஸ்டால்ஜியா' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் குளம் ஏற்கெனவே தெரியும். மோன்டால்சினோ ஊருக்குத் தெற்கே, ஒலிவ மரங்களுக்கு நடுவில் சான்தான்திமோ மடாலயம் நிற்கிறது. அங்கே உணவு தேடாதீர்கள். என் அளவுகோலை உடைக்கும் ஒரே இடம் அது.

மோன்டெபுல்ச்சானோ நமக்குக் கொஞ்சம் சொந்தம். 1606-இல் மதுரைக்கு வந்து, சந்நியாசியாக வாழ்ந்து, தமிழில் உரைநடை நூல்கள் எழுதிய தத்துவ போதகர், அதாவது ராபர்ட் டி நொபிலி, இந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊருக்குக் கீழே, 1518-இல் கட்டத் தொடங்கிய சான் பியாஜோ தேவாலயம் புல்வெளியில் தனியாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும். ஒயின் நிலவறைகளில் சுவைக்கத் தருவார்கள். ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் ஓட்டுபவருக்கு வரம்பு. உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவருக்கு ஒரு துளிகூடக் கூடாது.

படி 5: கடிகாரத்தோடு சண்டை வேண்டாம்

மதியம் ஒரு மணிக்குக் கடைகள் சாத்தினால் மூன்றரை, நான்குக்குத்தான் திறக்கும். சிறு தேவாலயங்கள் பன்னிரண்டரைக்கே பூட்டிவிடும். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே காலையில் தேவாலயம், மதியம் நிதானமான சாப்பாடு, நான்குக்குப் பிறகு ஊர் சுற்றல். வாரச்சந்தை காலையில் மட்டும் கூடும். எந்த ஊரில் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். சுவரில் 'சாக்ரா' என்ற சுவரொட்டி கண்டால் திட்டத்தை மாற்றிக்கொண்டு போங்கள். ஏதோ ஓர் உணவுக்காக ஊரே கூடி நடத்தும் திருவிழா அது. நீள மேசையில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

படி 6: வண்டியை எங்கே விடுவது?

மதிலுக்கு வெளியே. இதில் விதிவிலக்கு வேண்டாம். பழைய ஊர்களுக்குள் 'இசட்.டி.எல்' (ZTL) என்ற தடைப் பகுதி உண்டு: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, பக்கத்தில் கேமரா. பலகையில் 'வார்கோ ஆத்தீவோ' என்று ஒளிர்ந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். நுழைந்தால் அப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும். உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் தனிக் கட்டணமும் பிடிக்கும்.

நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சள் நமக்கில்லை. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்புப் பலகை இருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின் வையுங்கள்.

எப்போது போவது என்பதை இத்தனை தாமதமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். நாட்காட்டிப் படங்களில் வரும் பச்சைக் குன்றுகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். ஆகஸ்டில் போனால் அறுவடை முடிந்த கட்டாந்தரைதான் இருக்கும்.