ஊரில் பல் கட்டிக்கொண்டு வரலாமா?

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கர்க்லாண்டில் உள்ள எங்கள் சிகிச்சை நிலையத்தில் ஒரு கேள்வி வழமையாக வரத் தொடங்கிவிடும். "டொக்டர், இந்த முறை ஊருக்குப் போறம். பல்லையும் அங்கேயே கட்டிக்கொண்டு வந்திடலாமோ?"

செலவைப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். ஒரு பல்லுக்கு இங்கே ஆகும் பணத்தில் சென்னையிலோ கொழும்பிலோ பல வேலைகளை முடித்துவிடலாம். அங்குள்ள பல்வைத்தியர்களின் திறமையிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதில் பணத்தைவிட முக்கியமானது நாட்கணக்கு. எலும்பும் முரசும் (ஈறு) ஆறுவதற்கு எடுக்கும் காலத்தை விமானச் சீட்டின் திகதிக்கு ஏற்றபடி சுருக்க முடியாது.

முதலில் இம்பிளான்டைப் பார்ப்போம். இது தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் சிறிய டைட்டானியத் திருகாணி. பல்லின் வேருக்குப் பதிலாக நிற்பது இதுதான். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்து, 1965 இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். லார்சன் 2006 இல் இறக்கும்வரை அவை அவருக்குப் பயன்பட்டன. வட அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பெரிதாக நம்பத் தொடங்கியது 1982 இல் ரொறன்ரோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். அங்கே பேராசிரியர் ஜோர்ஜ் சார்ப் முன்னின்று செய்த வேலை பெரியது.

இந்த ஒட்டுதலுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் வேண்டும். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அதற்குக் கூடுதல் காலம் ஆகலாம். அதன் பிறகே மேலே பல் பொருத்துவது வழக்கம். சிலருக்கு அதே நாளிலேயே தற்காலிகப் பல் வைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது எலும்பின் அளவையும் உறுதியையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. விடுமுறையின் நீளத்தைப் பார்த்து அல்ல. மூன்று வாரப் பயணத்தில் திருகாணியும் பல்லும் இரண்டும் கட்டாயம் முடித்துத் தருகிறோம் என்று எவராவது எக்ஸ்றே கூடப் பார்க்காமல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு நாட்கணக்கும் உண்டு. பல்லைப் பிடுங்கியபின் அந்த இடத்து எலும்பு சும்மா இருப்பதில்லை. ஓராண்டுக்குள் அதன் அகலம் ஏறக்குறையப் பாதிவரை குறையக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கரைந்துவிடும். பக்கத்துப் பற்கள் இடைவெளிப் பக்கம் சாயும். எதிர்ப்பல் மெல்ல இறங்கும். ஆகவே "பல்லுக்கொதி தாங்கேலாது, பிடுங்கிவிடுங்கோ, பிறகு பார்ப்பம்" என்பதுதான் நான் கேட்கும் வசனங்களில் மிகவும் விலைகூடியது. சூத்தை ஆழமாகப் போன பல்லைக்கூட வேர்ச் சிகிச்சை செய்து, மேலே கிரவுன் எனப்படும் பல்மூடி போட்டுப் பல சமயம் காப்பாற்றலாம். சொந்தப் பல்லுக்கு ஈடாக எந்த நிபுணராலும் ஒன்றைச் செய்துதர முடியாது.

பல் முழுவதையும் இழந்த பெரியவர்களுக்கு எங்கள் நகரிலேயே ஒரு நல்ல வழி வகுக்கப்பட்டது. சாதாரண கீழ்த்தாடைப் பல்செற் நாக்கோடு சேர்ந்து ஆடும். மெல்லும் பலமோ இயற்கைப் பற்களில் நாலில் ஒரு பங்கு அளவுதான். அப்பம்மா இறைச்சியையும் மரக்கறியையும் ஒதுக்கிவிட்டுப் பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசியின்மை அல்ல. 2002 மே மாதம் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் வைத்து அதன்மேல் அழுத்திப் பூட்டும் பல்செற்றே முதல் தெரிவாக இருக்கவேண்டும் என்று அறிவித்தார்கள். வாய் நிறைய இம்பிளான்ட் தேவையில்லை, இரண்டே போதும். இதைக் கேட்டதும் பலர் வியக்கிறார்கள்.

இனி அழகு விடயம். கலியாணம் வருகிறது, முன்பல்லில் இடைவெளி, அல்லது கொஞ்சம் மிதப்புப் பல். பத்தே நாளில் எட்டுப் பத்துப் பற்களுக்குக் கிரவுன் போட்டு வெள்ளை வெளேரென்று அனுப்பிவிடும் இடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நிழற்படத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிரவுன் போடுவதற்குப் பல்லின் வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் அரைத்து எடுக்க வேண்டும். அரைத்தது திரும்ப வளராது. அப்படி அரைத்த பற்களில் சில, வருடங்கள் போனபின் உள்ளே செத்து வேர்ச் சிகிச்சைக்கு வரும். கிரவுன் 10, 15 ஆண்டுகள் நன்றாக உழைக்கும், சில அதற்கும் மேல். 25 வயதுப் பிள்ளைக்குப் போட்டால் வாழ்நாளில் எத்தனை தரம் மாற்ற வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். சூத்தையில்லாத பல்லுக்கு அழகுக்காகக் கிரவுன் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

அதே இடைவெளியைப் பல் நிறப் பிசினைப் படிப்படியாக ஒட்டி ஒரே வருகையில் மூடலாம். 1955 இல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல்வைத்தியர், பல்லின் எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று காட்டிய நாளிலிருந்து இது சாத்தியமானது. வெனியர் என்ற மெல்லிய பீங்கான் ஓடும் அந்த வழியில்தான் ஒட்டுகிறது. அதற்கு அரை மில்லிமீற்றர் அளவே அரைத்தால் போதும். மிதப்புப் பல்லுக்கு உரியது கம்பிச் சிகிச்சை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு எடுக்கும். பல் முழுதாக மிஞ்சும்.

கறைகளும் எல்லாம் ஒன்றல்ல. தேநீர், கோப்பி, வெற்றிலைக் கறை மேலோட்டமானது, சுத்தம் செய்தால் போகும். (பாக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்திவிட்டது. வாய் முன்போல அகலத் திறக்கவில்லை என்றால் அழகை விட்டுவிட்டு உடனே காட்டுங்கள்.) வயதோடு வரும் மஞ்சளுக்கு, வாயின் அளவெடுத்துச் செய்த தட்டில் வைக்கும் வெண்மையாக்கும் களி நன்றாக வேலை செய்யும். இலங்கையின் உலர் வலயத்திலோ தருமபுரி போன்ற மாவட்டங்களிலோ ஃபுளோரைட் மிகுந்த கிணற்றுநீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புப் புள்ளிகள் அவ்வளவு இலகுவில் போவதில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: கிரவுனும் நிரப்பலும் வெளுக்காது. ஆகவே முதலில் வெண்மையாக்கி, இரண்டு வாரம் பொறுத்து, அந்த நிறத்துக்கு ஏற்பப் புதிய பல்லைச் செய்ய வேண்டும்.

ஃபுளோரைட் என்றதும் இவ்வூர்ச் செய்தி ஒன்று. கர்க்லாண்டுக்கும் அயல் நகரங்களுக்கும் நீர் அனுப்பும் புவான்-கிளேர் நிலையத்தில் 1955 முதல் அளவோடு ஃபுளோரைட் சேர்க்கப்பட்டு வந்தது. அதை நிறுத்துவதென்று 2024 நவம்பரில் மொன்றியல் பெருநகரச் சபை வாக்களித்தது. குழாய்நீரை நம்பியிருந்த வீடுகள் இனிப் பிள்ளைகளின் பற்பசையைக் கவனித்து வாங்க வேண்டும்.

செலவு பற்றி. கியூபெக்கில் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பரிசோதனை, நிரப்பல் முதலியவற்றை மாகாணக் காப்புறுதி ஏற்கிறது. 2024 இல் சேவையைத் தொடங்கிய கனேடியப் பல் பராமரிப்புத் திட்டம், தனியார் பல் காப்புறுதி வசதி இல்லாத, 90,000 டொலருக்குக் குறைந்த நிகரக் குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கானது. வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். நிரப்பல், வேர்ச் சிகிச்சை, பல்செற் இதில் அடங்கும். கிரவுனுக்கு முன் அனுமதி வேண்டும். இம்பிளான்டும் வெண்மையாக்கலும் அடங்கா. மக்கில், மொன்றியல் பல்கலைக்கழகங்களின் மாணவர் சிகிச்சைக் கூடங்களில் கட்டணம் குறைவு. வேலைக்கு நேரம் மட்டும் கூட எடுக்கும்.

இவ்வளவையும் யோசித்த பிறகும் ஊரில்தான் செய்வதென்றால், போவதற்கு முன் இங்கே முழு எக்ஸ்றே எடுத்து, சூத்தையையும் முரசு நோயையும் தீர்த்துக்கொண்டு போங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கட்டும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் அதை அங்குள்ள வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இம்பிளான்ட் வைத்தால் அதன் கம்பனிப் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் திருகும் சாவி வேறு. சீட்டு இல்லாமல் வருபவரின் தளர்ந்த பல்லை இறுக்குவதற்கு, எது என்ன வகை என்று எக்ஸ்றேயைப் பார்த்து ஊகிப்பதிலேயே எங்களுக்கு அரை நாள் போய்விடும். முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்றேக்களையும் கையோடு கொண்டுவாருங்கள்.