இயற்கைச் சிகிச்சையின் அடிப்படைத் தத்துவங்கள்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை அடுத்துள்ள ஆரியசாலை, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். அக்கடைவீதியில் திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் முதலிய சரக்குகளை விற்கும் நாட்டு மருந்துக் கடைகள் உண்டு. இவற்றை வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிப்பதையே ‘இயற்கை வைத்தியம்’ என்று பொதுமக்கள் கூறுவர். இது பெயரால் விளைந்த மயக்கம். சித்தமும் ஆயுர்வேதமும் மருந்துகளைக் கையாளும் முறைகள். இயற்கைச் சிகிச்சையோ, அதன் மூலக் கொள்கைப்படி, மூலிகையையும் மருந்தென்றே கொண்டு விலக்குகிறது. நீர், காற்று, வெயில், மண், உணவு, உபவாசம், ஓய்வு ஆகியவையே அதன் கருவிகள்.

இக்கருவிகளுக்குப் பின்னே நிற்கும் தத்துவம் யாது? உடலுக்குத் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு என்பதே அது. வெட்டுக்காயத்தில் புதுத்தோல் படர்வதும், முறிந்த எலும்பு கூடுவதும் இவ்வாற்றலாலேயே. மருத்துவன் அதற்குத் துணைநிற்க வேண்டும், தீங்கு செய்யலாகாது, நோயின் குறியை அடக்காமல் காரணத்தைக் களைய வேண்டும், உறுப்பை மட்டும் பாராது ஆளையே நோக்க வேண்டும், வருமுன் காக்க வேண்டும், நோயாளிக்கு ஆசிரியனாகவும் இருக்க வேண்டும். இக்கொள்கைகளை எந்த மருத்துவ முறையும் மறுப்பதில்லை.

தகராறு எழுவது வேறிடத்தில். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நீர்ச் சிகிச்சை செய்துவந்த லூயி கூனே, நோய்கள் அனைத்தும் ஒன்றே, உடலில் தேங்கும் அந்நியப் பொருளே அவற்றின் காரணம் என்று போதித்தார். இடுப்புக் குளியல் அவருடைய தலையாய சிகிச்சை. 1882இலேயே ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். எனினும் கூனேயின் நூல் இந்தியாவில் பெரிதும் பரவியது; காந்தியடிகளும் அதனைப் படித்தவர்களுள் ஒருவர்.

1902இல் பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். காந்தியடிகள் அதற்கு இணங்காமல், கூனேயின் முறையில் இடுப்புக் குளியல் அளித்தார். மூன்று நாள் நீர் கலந்த ஆரஞ்சுச் சாறு மட்டும் கொடுத்தார். காய்ச்சல் மிகுந்தபோது ஈரத்துணியால் போர்த்தினார். சிறுவன் பிழைத்தான். பிழைக்கச் செய்தது இறையருளா, நீர்ச் சிகிச்சையா, பத்தியமும் பணிவிடையுமா என்பதை யாரால் சொல்ல இயலும் என்று தந்தையே பிற்காலத்தில் தம் சுயசரிதையில் கேட்டிருக்கிறார். விஞ்ஞானத்தின் கேள்வியும் அதுவே. ஒரு நோயாளி குணமடைந்ததைக் கொண்டு எது குணப்படுத்தியது என்று கூற இயலாது.

1924 ஜனவரியில், எரவாடாச் சிறைக் கைதியாக இருந்தபோது, காந்தியடிகளுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. பூனாவின் சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் அறுவை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கன் விளக்கொளியில் வேலை முடிந்தது. இதற்குப் பின்னும் இயற்கைச் சிகிச்சையில் அவருக்கிருந்த பற்றுக் குறையவில்லை. 1946இல் உருளிகாஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்காக அத்தகைய நிலையமொன்றைத் தொடங்கினார்.

கொள்கையைச் சோதிக்கும் வழியைச் சென்னை காட்டிற்று. காசநோயாளிக்கு நல்ல காற்றும் படுக்கை ஓய்வும் சத்துணவும் உள்ள சானடோரியமே கதி என்று உலகெங்கும் நம்பப்பட்ட காலம் அது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தத்தம் நெருக்கடியான வீடுகளிலும் தங்கி, ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோரின் உணவும் ஓய்வும் குறைவே. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். கிருமியை ஒடுக்கியது மருந்து.

அப்படியாயின் உணவு வீணா? அன்று. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த மற்றோர் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. நோயாளிக்கு மட்டும் உணவு பெற்ற குடும்பங்களோடு ஒப்பிட, இவ்வீட்டாரிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 சதவிகிதம் குறைந்தது. வருமுன் காத்தல் என்ற கொள்கை இங்கே மெய்ப்பட்டது. உணவு எங்கே பயன்படும், எங்கே மருந்துக்கு மாற்றாகாது என்பதைத் தத்துவம் தானே சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த சோதனை சொல்லிற்று.

உபவாசத்தையும் இவ்வாறே நோக்கலாம். அஜீரணமுற்ற பெரியவர் ஒருவேளை உணவை விடுவதில் கேடில்லை. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையைப் பட்டினி போடுவது ஆபத்து. நீர் வற்றி உயிர்போகக்கூடும். 1971இல் வங்காளத்து அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவ் முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்தது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். சுமார் 30 சதவிகிதமாயிருந்த சாவு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிற்று. நீரும் உப்பும் சர்க்கரையும் எளிய பொருள்களே. அவற்றின் அளவை நிர்ணயித்தது ஆராய்ச்சி.

ஆரியசாலை போன்ற பகுதிகளில் வீடுவீடாகச் செல்லும் ஊழியர், கடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வணிகருக்கு நடைப்பயிற்சியும் காய்கறி மிகுந்த உணவும் வலியுறுத்துவதில் தயங்க வேண்டியதில்லை. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இவை உற்ற துணை. ஆனால் இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ நிறுத்திவிட்டு உபவாசம் தொடங்கியவரைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பில் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் செய்து காட்டலாம்: ஒரு லிட்டருக்கென விற்கும் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது.